மச்சானின் வண்டி இப்போது உதறுவதில்லை

என் அருமை மச்சானுக்கு,

உங்கள் வண்டி சரியாகிவிட்டது. கடிதம் எழுதினால் முதல் வரியில் இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். அக்கா எப்படி இருக்கிறாள், உங்கள் பெண் பெங்களூரிலிருந்து மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறாள், எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதையெல்லாம் நீங்கள் அப்புறம்தான் கேட்பீர்கள். காலையில் சாவியைத் திருப்பினால் இப்போது ஒரே சீராக ஓடுகிறது. உதறல் இல்லை. சைலன்சர் மேல் இருக்கிற தகரம் கடகடவென்று அடித்துக்கொள்வதில்லை.

சரிசெய்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, பானெட்டைத் திறக்கிற கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தேடுவேன் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. வண்டி வாங்கிய நாளிலிருந்து என்னைக் கேலி செய்ய உங்களுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இந்தக் காகிதம் அக்கா கையில் கிடைத்தாலும் பயமில்லை. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. எனக்கு இந்த எழுத்து கோயம்புத்தூரில் ஏழு வருஷம் வேலை பார்த்ததில் வந்தது. நீங்கள் கன்னடப் பக்கம் ஹனூரில் பிறந்தாலும் ஈரோட்டில் படித்தவர். நம் வீட்டில் தமிழ் வாசிக்கிற ஆட்கள் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் நீங்கள் எனக்கு போன் செய்தது நினைவிருக்கிறதா?

"மாப்ள, காலையில வண்டி ஒரேடியா ஒதறுதுங். ரெண்டு மூணு நிமிசம் ஓடுனா ஒதறல் நின்னுக்குது. உங்க மெக்கானிக்குகிட்ட ஒருக்கா காட்டோணும்" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன்? "காலையில உங்களுக்குந்தான் கை ஒதறுது மச்சான். காபி குடிச்சா நின்னுடுது இல்ல? அதுக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை நினைத்தேன், இரண்டு தடவையும் வேறு வேலை வந்துவிட்டது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அந்த மார்கழிக் காலை வந்தது. அதில் நீங்கள் பார்க்காத பாதி ஒன்று இருக்கிறது. குண்டலுபேட்டையில் ஒரு அறுபதாம் கல்யாணம், ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். நீங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து, சூடாகட்டும் என்று போர்ட்டிகோவிலேயே ஓடவிட்டு, சட்டை போட்டுக்கொள்ள உள் அறைக்குப் போனீர்கள். அக்கா அடுப்படியில் பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்படி ஜன்னலுக்கு நேர் வெளியேதான் வண்டி. அது உதறிய உதறலில் ஜன்னல் கதவே அதிர்ந்ததாம். நீங்கள் உள்ளே போனதை அவள் பார்க்கவில்லை. வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், உதறல் நின்றதும் ஹாரன் அடிப்பீர்கள் என்று காத்திருந்தாள். உதறல் நின்றது. ஹாரன் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் வண்டியில் யாரும் இல்லை.

நீங்கள் பீரோ பக்கத்தில் கிடந்தீர்கள். ஒரு கை மட்டும் சட்டைக்குள் நுழைந்திருந்தது. நான் வந்து சேர்ந்தபோதும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போய் அதை அணைத்தார்.

பெரிய அட்டாக், பக்கத்திலேயே ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்வது யார் காதில் ஏறுகிறது? பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உங்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி, கெட்ட எண்ணத்தில் இல்லை, வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "ஒரு கொரலாச்சும் குடுத்திருப்பானே கண்ணு, உனக்குக் கேக்கலையா?" கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தக் கேள்வி பெரியம்மாவோடு ஹனூர் பஸ் ஏறிப் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பல மாதம் வண்டி உறை போட்டபடி நின்றது. விற்றுவிடலாம் என்று உங்கள் பெண் சொன்னாள். அக்கா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் கார்த்திகையில் குளிர் இறங்கியதும் ஒரு நாள் எனக்கு போன் செய்தாள்.

"டேய் சேகர், வண்டி ஸ்டார்ட் ஆகல. பேட்டரி எறங்கிடுச்சு போல. ஸ்வல்ப நேரம் வந்து பாரேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கே புது பேட்டரி போட்டேன். நம் விஜயநகர்ப் பகுதியில் பென்ஷன்காரர்கள் எல்லோரும் ஓட்டாத வண்டியைக் காலையில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைக்கிறார்கள் இல்லையா, பேட்டரி இறங்காமல் இருக்க. அக்காவும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அம்மா தேறிவிட்டாள் என்று உங்கள் பெண்ணுக்கு போன் செய்து பெருமையாகச் சொன்னேன். இத்தனை வயதாகியும் நான் மனிதர்களைப் புரிந்துகொள்கிற லட்சணம் இதுதான்.

பிறகு ஒரு நாள் காலையில் வாக்கிங் போகிற வழியில் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சாவியைத் திருப்பினாள். நீங்கள் சொன்ன உதறலை நான் நேரில் கேட்டது அன்றைக்குத்தான். இஞ்சின் வேகம் காட்டுகிற முள் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஆடுகிறது, வண்டி மொத்தமும் குலுங்குகிறது, தகரம் கடகடக்கிறது. இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் அடங்கவில்லை. நீங்கள் கேட்டு நான் செய்யாத காரியம் கண் முன்னால் நின்று உதறிக்கொண்டிருந்தது. இதையாவது செய்து முடிக்கிறேன் என்று கிளம்பினேன்.

மெக்கானிக் மாதேஷ் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்தான், ஹனூருக்கு அந்தண்டை. முதல் தடவை கொண்டுபோனேன். ஸ்டார்ட் செய்து பார்த்தான். "ஏனுங்க சார், தங்கமாட்டம் ஓடுதுங்களே" என்றான். இருந்தாலும் என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டு நாலு பிளக்கையும் மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலையில் அதே உதறல். இரண்டாம் தடவை காற்று போகிற வழியில் சேர்ந்திருந்த கரியைத் துடைத்துக் கொடுத்தான். இரண்டு நாள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, பிறகு பழையபடி. மூன்றாம் தடவை போனபோது என்னை உட்கார வைத்துப் பேசினான்.

"சார், இங்க வந்து சேர்றதுக்குள்ள வண்டி சூடாயிருதுங்க. சூடானதுக்கப்பறம் நான் எதப் பாத்தாலும் சரியாத்தான் இருக்கும். ராத்திரி பூரா நின்னு ஜில்லுன்னு இருக்கறப்ப, மொத ஸ்டார்ட்டுல நான் பாக்கோணும். ஒரு நாளைக்கு ஒரே சான்ஸுதானுங்க. அதும் ரெண்டு மூணு நிமிசம்."

வண்டியை ராத்திரி அவனிடம் விட அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. சரி, அவனே வீட்டுக்கு வருகிறேன் என்றான். காலை ஆறேகாலுக்கு இரண்டு பேரும் போனோம். மாதேஷ் பானெட் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அக்கா ஆறு மணிக்கே ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, அடுத்த தடவை முந்தின நாளே சொல்லி வைத்தேன். "ஆய்த்து, ஆய்த்து, சரி" என்றாள். ஐந்தே முக்காலுக்குப் போனோம். பானெட் சுட்டது.

"அம்மாவுக்கு இஷ்டமில்லீங்க போல" என்று மாதேஷ் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய்க் கத்தினேன்.

"ஒனக்கு வண்டி சரியாகணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"சரியாயிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும் ஒனக்கு?"

குழாயை மூடினாள். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் கூப்பிட்டிருந்தா இந்தச் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்குமான்னு. தெனம் ஸ்டார்ட் பண்ணிட்டு இங்க வந்து நின்னுக்கறேன். அவரோட போனை பீரோகிட்ட வெச்சு, இங்கேருந்து ரிங் விட்டுப் பாத்தேன். ரிங் கேக்குது. ஆனா ரிங்கும் மனுஷக் குரலும் ஒண்ணா? ரேடியோ வெச்சுப் பாத்தேன். கேக்கற மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. பெரியம்மா கேட்டாங்கல்ல அன்னிக்கு."

மச்சான், ஒரு மாதமாக ஒவ்வொரு காலையும் அவள் செய்துகொண்டிருந்தது இது. நான் பேட்டரி வாங்கிக் கொடுத்து உதவியது இதற்கு.

"நாளைக்குக் காலையில நீ வா" என்றாள். "பீரோ பக்கத்துல நின்னு, அவர் கூப்புடற மாதிரி கூப்புடு. ஆம்பளக் குரல்தான் வேணும். நான் இங்க நிக்கறேன். அப்புறம் ஒன்னோட மாதேஷ் வந்து என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"சும்னே எதுக்குக்கா இதெல்லாம்?"

"வர்றியா, இல்லையா?"

வருகிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். என் குரல் அவளுக்குக் கேட்டால், அன்றைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை, நான் கவனிக்காமல் இருந்தேனா என்று தன்னையே அரித்துக்கொள்வாள். கேட்காவிட்டால், குற்றம் வண்டியின் சத்தத்தின் மேல் போகும். வண்டியின் மேல் என்றால் என் மேல்தான். நீங்கள் சொன்ன அன்றைக்கே நான் அதைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தக் காலையில் வீடு அமைதியாக இருந்திருக்கும். கேட்காமல் போகட்டும், அவளாவது பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூடவே கேட்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். உங்கள் ஊர் மலைச்சாமி மாதேஸ்வரனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். உள் அறையில் பீரோ பக்கத்தில் போய் நின்றேன். அக்கா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. வண்டி உதற ஆரம்பித்தது. நான் கூப்பிட வேண்டும்.

"ஏ புள்ள" என்றுதான் நீங்கள் கூப்பிடுவீர்கள். நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவளை, எட்டு வயது மூத்தவளை, நான் எப்படிப் புள்ள என்பேன்? சரி, "அக்கா" என்றாவது கத்தலாம் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. நான் நின்ற இடம் நீங்கள் கிடந்த இடம் மச்சான். தோளில் இருந்த துண்டை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டேன். எனக்கு அப்படி அழுகை வரும் என்று எனக்கே தெரியாது. காரியத்தன்று கூட நான் அழவில்லை. இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ, அந்தக் கடகடப்பு குறைந்து குறைந்து அடங்கிவிட்டது. அன்றைய சான்ஸ் முடிந்துபோயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் அக்கா வாசற்படியில் நிற்கிறாள்.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "எனக்குக் கேக்கவே இல்லடா" என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை, "கேக்கவே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் வண்டியை அவளே அணைத்தாள். "நாளைக்கு மாதேஷை வரச் சொல்லு" என்றாள்.

மாதேஷ் வந்தான். பானெட் பனிபோலக் குளிர்ந்திருந்தது. அக்கா சாவியைத் திருப்பினாள், அவன் ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் ஸ்ப்ரே டப்பாவுமாகக் குனிந்தான். ஒவ்வொரு ரப்பர் குழாயாக அந்த ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டே போனான். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அடித்தால் இஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும், சத்தம் மாறும் என்றான். மேலே ஒன்றும் மாறவில்லை. பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. உதறல் குறையத் தொடங்கியபோது இஞ்சினுக்குப் பின்னால் அடியில் கையை விட்டு அடித்தான். சட்டென்று இஞ்சின் சத்தம் ஏறியது. "சிக்கிருச்சுங்க" என்றான்.

ஒரு விரல் நீளக் குழாய் மச்சான். வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரிகிறது. குளிரில் ரப்பர் சுருங்கி வாயைப் பிளந்து காற்றை உறிஞ்சுமாம், சூடானதும் உப்பித் தானே மூடிக்கொள்ளுமாம். அவன் புதுக் குழாயை மாட்டிக்கொண்டே சொன்னான்: "எப்பக் காட்டியிருந்தாலும் அரைமணி நேர வேலைதானுங்க சார்." அவன் தெரியாமல் சொன்னான். நான் வாசல் கேட் பக்கம் போய் நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். உதறுகிற வண்டி இருந்தவரை உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதையும் நானே அடைத்துவிட்டேன். நீங்கள் கூப்பிட்டீர்களா மச்சான்? எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்? அவளைக் கூப்பிட்டீர்களா, பெண்ணையா? யாரும் வரவில்லையே என்று நினைத்தீர்களா? எனக்கு இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்து நாலு நாள் ஆகிறது. முடிக்க வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. சும்மா நிறுத்தி வைக்காதீர்கள், வாரம் ஒரு தடவையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள் என்று மாதேஷ் சொல்லியிருந்ததால் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு ரிங் ரோடு பக்கம் போனேன். சிக்னலில் நின்றோம்.

"ஓடுதா, நின்னுடுச்சா?" என்றாள்.

"ஓடுது. சத்தமில்ல, அவ்வளவுதான்."

எதிரே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீ கூப்பிடல."

விளக்கு பச்சைக்கு மாறியது தெரிந்தது. நான் கிளப்பவில்லை.

"நீ அழுத. வாயில துண்ட வெச்சுக்கிட்டு அழுத. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

"அந்தச் சத்தத்துலயா?"

"அந்தச் சத்தத்துலதான். துண்ட வெச்சு அழுதாலே கேக்குதுன்னா, கூப்பிட்டிருந்தா கேக்காம இருக்குமாடா? அவர் கூப்பிடவே இல்ல. கூப்பிட அவருக்கு நேரம் கெடைக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய எடு. பின்னால ஹாரன் அடிக்கறாங்க."

எடுத்தேன். அவள் மேலும் தப்பில்லை, வண்டி மேலும் தப்பில்லை, அப்படியானால் என் மேலும் இல்லை என்று கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் எனக்கு ஆறவில்லை மச்சான். நாலு எட்டு தூரத்தில் அவள் உங்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுக்கக்கூட வழியில்லாமல் தனியாகப் போய்விட்டீர்களே. இதற்கு நான் என்ன செய்வேன்?

என் கையில் இருப்பது ஒன்றுதான், அதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். அக்கா கூப்பிட்டால் முதல் குரலிலேயே எழுந்து போவேன். அவள் கூப்பிடாத நாளிலும் காலையில் போய், உள் அறை வரை நடந்து, இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் என் வேலைக்குப் போவேன்.

அக்காவுக்குத் தம்பி,
உங்களுக்கு என்றும் மச்சினன்,
சேகர்